எந்த விரல், எந்தப் பக்கம், எந்த நேரம்?

வாசகர் கேள்வி பதில்: மூளையும் நரம்பும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "நரம்புத் தளர்ச்சி என்கிறார்கள், என்ன மருந்து எடுக்கலாம்?" என்ற ஒரே வரிதான். இப்படி எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டுகளில் பிசியோவாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், டொக்டர் இல்லை. மருந்து எழுதுவது என் வேலையும் இல்லை. ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எந்த விரல், எந்தப் பக்கம், எந்த நேரத்தில் என்று துருவிக் கேட்பதில் எனக்கு நல்ல பழக்கம். நரம்பு விஷயத்தில் நோயின் பெயரைவிட இடம்தான் முதலில் தெரியவேண்டும். இடம் பிடிபட்டால் மிச்சத்தில் பாதி தானாக விளங்கும். அப்படி விவரமாக எழுதியிருந்த கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அப்பாவுக்கு மூன்று மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் இல்லை. "தேத்தண்ணி வேணுமா" என்றால் வாயைத் திறந்து திணறுகிறார், பிறகு அழுகிறார். ஆனால் வெள்ளிக்கிழமை விளக்கேற்றி நான் தேவாரம் பாடினால் கூடச் சேர்ந்து முழுவதையும் சொல் பிசகாமல் பாடுகிறார். கோபம் வந்தால் "சனியன்" என்று தெளிவாகத் திட்டுகிறார். அவர் வேணுமென்றுதான் பேசாமல் இருக்கிறார் என்று அண்ணா சொல்கிறார். அப்படியா மிஸ்?
ச. ம., வெள்ளவத்தை

பதில்: அண்ணாவுக்கு முதலில் இதை வாசித்துக் காட்டுங்கள். உங்கள் அப்பா நடிக்கவில்லை.

மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆளுகிறது. அசைவுக்கான நரம்பிழைகள் மூளையிலிருந்து இறங்கி வரும்போது, கழுத்துக்குச் சற்று மேலே, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் பெரும்பாலானவை பக்கம் மாறிவிடுகின்றன. வலது கை, கால் விழுந்ததென்றால் அடி இடப்பக்க மூளையில். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் பேச்சும் இடப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போவதை வாட்டில் அடிக்கடி பார்ப்போம். இடது கை விழுந்தவர்கள் பெரும்பாலும் பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு வேறு கரைச்சல்கள் உண்டு, அதை இன்னொரு முறை பார்ப்போம்.

பாரிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் லெபோர்ன் என்றொருவர் வருடக்கணக்காக இருந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்பார். அந்த ஓர் ஒலியைத் தவிர அவர் வாயிலிருந்து வேறெதுவும் வராது. ஆனால் மற்றவர்கள் சொல்வது அவருக்கு விளங்கியது. மிகக் கோபம் வந்தால் மட்டும் பிரெஞ்சில் ஒரு வசவு முழுதாக வந்து விழுமாம். 1861இல் அவர் இறந்ததும் போல் புரோக்கா என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூளையை எடுத்துப் பார்த்தார். இடப்பக்கத்தில், நெற்றிக்குப் பின்னால், கீழ்ப்புறமாக ஓரிடம் சிதைந்திருந்தது. அந்த இடத்தை இன்றும் புரோக்கா பகுதி என்றே சொல்கிறார்கள். உங்கள் அப்பாவின் "சனியன்" அந்த மனிதரின் வசவுக்கு உறவு!

புதிதாக ஒரு வசனத்தைக் கட்டிச் சொல்வதற்கு இடப்பக்கத்து அந்தப் பகுதி வேண்டும். திட்டுவது, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, சின்ன வயதில் பாடமாக்கிய தேவாரம் பாடுவது இவையெல்லாம் கட்டிச் சொல்பவை அல்ல. ஏற்கெனவே முழுசாக இருப்பவை. இராகத்துக்கும் தாளத்துக்கும் வலப்பாதி பெரிதாகத் துணை நிற்கிறது. அந்தப் பாதிக்கு உங்கள் அப்பாவிடம் ஒன்றும் ஆகவில்லை.

இதை வைத்தே ஒரு பயிற்சியும் இருக்கிறது. 1970களில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தொடங்கியது. நோயாளிக்கு அன்றாடம் தேவைப்படும் சின்ன வசனத்தை எடுத்து, ஒரு மேல் சுரம் ஒரு கீழ்ச் சுரம் என்று இரண்டே சுரத்தில் இழுத்துப் பாட வைப்பார்கள். "தண்-ணி வே-ணும்". ஒவ்வோர் அசைக்கும் அவருடைய இடது கையை மேசையில் தட்டவைக்க வேண்டும். முதலில் நீங்கள் பாடுங்கள், பிறகு சேர்ந்து பாடுங்கள், பிறகு பாதியில் நீங்கள் நிறுத்த அவர் முடிக்கட்டும். கடைசியில் பாட்டு மெல்ல மெல்லப் பேச்சாக வேண்டும். எல்லோருக்கும் பலிப்பதில்லை. ஆனால் உங்கள் அப்பாவைப் போல விளக்கம் இருந்து, சொல் மட்டும் வராதவர்களுக்கு முயன்று பார்க்கத் தகுந்தது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சியாளரிடம் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் செய்வது அதோடு சேர்த்துத்தான்.

"விளக்கம் இருந்து" என்றேனே, அதைச் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கையால் காட்டாமல் "கண்ணை மூடுங்கோ", "கூரையைப் பாருங்கோ" என்று சொன்னால் செய்கிறாரா? செய்தால் நல்லது. இன்னொரு வகை இருக்கிறது. சரளமாக, தயக்கமே இல்லாமல் பேசுவார்கள், ஒரு சொல்லுக்கும் பொருள் இருக்காது, நாம் சொல்வதும் அவர்களுக்கு விளங்காது. அது காதுக்குச் சற்று மேலே பின்புறமாக உள்ள வேறோர் இடம். ஜெர்மன்காரரான வெர்னிக்கே 1874இல் அதை எழுதினார்.

வீட்டில் செய்ய வேண்டியது: "என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அவருக்கு உலகத்திலேயே கஷ்டமான கேள்வி அது. கோப்பையையும் தண்ணீர்ப் போத்தலையும் காட்டி "இதா, இதா?" என்று கேளுங்கள். தலையாட்டட்டும். சொல்லைத் தேடும்போது நீங்கள் முடித்துவிடாமல் மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டு காத்திருங்கள். கோட்டையில் கந்தோர் வேலை பார்த்த எத்தனையோ ஐயாமார் தமிழில் திணறிக்கொண்டு, மருந்து கொடுக்க வரும் நேர்சிடம் சிங்களத்தில் ஒரு சொல்லைப் பளிச்சென்று சொல்லிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பல மொழி தெரிந்தவர்களுக்கு எல்லா மொழியும் ஒரே அளவில் போவதில்லை. எது முந்தித் திரும்பும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. வருகிற மொழியில் வரட்டும், தடுக்காதீர்கள்.

கேள்வி: நான் 11ஆம் வகுப்பு. நாம் மூளையில் 10 வீதத்தைத்தான் பாவிக்கிறோம், ஐன்ஸ்டைன் அதைவிடக் கூடப் பாவித்தார் என்று ரியூசன் சேர் சொன்னார். அம்மா தினமும் வல்லாரைச் சம்பல் தருகிறா. மிச்ச 90 வீதத்தைப் பாவிக்க என்ன செய்யலாம்?
த. கி., கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, சேர் சொன்னது பிழை. அவரிடம் போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், சோதனை முடியட்டும்.

மூளையின் ஆழத்தில், கை கால்களுக்கு இறங்கும் நரம்பிழைகள் எல்லாம் நெருங்கி வரும் ஒரு குறுகலான இடம் இருக்கிறது. அங்கே ஒரு பயறு அளவுக்கு இரத்தம் போகாவிட்டாலே ஒரு பக்கம் முழுதாக விழுந்துவிடும். 90 வீதம் சும்மா கிடந்தால், அடிபட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து வீட்டுக்குப் போயிருப்பார்கள். எனக்கு வேலையே இருந்திருக்காது.

கணக்கையும் பாரும். வளர்ந்தவரின் மூளை சுமார் 1.4 கிலோ, உடம்பு எடையில் ஏறத்தாழ 2 வீதம். ஆனால் நீர் சும்மா இருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் சக்தியில் 20 வீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. இவ்வளவு சாப்பிடும் ஓர் உறுப்பில் பத்தில் ஒன்பது பங்கை உடம்பு வீணுக்கு வைத்திருக்காது. நீர் நித்திரை கொள்ளும்போதும் அது வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. ஐன்ஸ்டைன் 1955இல் இறந்த பிறகு அவருடைய மூளையை எடுத்து நிறுத்தார்கள். 1,230 கிராம், சராசரியைவிடக் கொஞ்சம் குறைவு.

உம்முடைய பாடப்புத்தகத்தில் மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று மூன்று பெட்டி போட்டு, மூளியின் தொழில் "உடற் சமநிலை" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ ஹூசலின் குழு 2009இல் வெளியிட்ட கணக்குப்படி மனித மூளையில் நரம்புக்கலங்கள் சுமார் 8,600 கோடி. அதில் ஏறத்தாழ 6,900 கோடி, பிடரிப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும் அந்தச் சின்ன மூளிக்குள்தான். நீர் முகத்துவாரம் மைதானத்தில் கிரிக்கெட் விளையாடும்போது பந்து வருகிற வேகத்துக்குக் கை சரியான இடத்தில், சரியான விசையில் போய் நிற்கிறதே, அதைத் திருத்திக்கொண்டே இருப்பது அதுதான். சோதனைக்கு ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் விஷயம் ஒரு வரி இல்லை.

வல்லாரை நல்ல கீரை, அம்மா தந்தால் சாப்பிடும். அதனால் சோதனையில் புள்ளி கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஞாபகத்துக்கு நித்திரைதான் முக்கியம். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் ஒரு பெரும் பங்கு நித்திரையில் நடக்கிறது. இரவு 2 மணி வரை படித்துவிட்டுக் காலையில் ரியூசனுக்கு ஓடுவதில் பாதி படிப்பு வீண்.

கேள்வி: செட்டியார் தெருவில் நகை வேலை செய்கிறேன், வயது 44. வலது கை பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும் விறைக்குது. இரவு இரண்டு மூன்று மணிக்கு எழும்பி இருந்து கையை உதறினால்தான் சரிவரும். இப்போது சாமணத்தில் கல் பிடிபடுவதில்லை, கீழே விழுகிறது. இரத்த ஓட்டம் இல்லை என்று எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்த்தும் சுகமில்லை.
பெயர் வேண்டாம், புறக்கோட்டை

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்தது "பெருவிரலும் பக்கத்து இரண்டு விரலும்" என்று எண்ணி எழுதியதுதான். நகை வேலைக்காரரின் கண்.

வீட்டில் லைட் போனால் நாம் முதலில் பல்கனிக்குப் போய் எதிர் பிளாட்டைப் பார்க்கிறோம். அங்கே எரிந்தால் கோளாறு நம் வீட்டில், அங்கேயும் இருட்டென்றால் வெளியில். எரியாதது எது, எரிவது எது என்று பார்த்தே இடத்தைப் பிடிக்கலாம். கைக்கும் அதே முறைதான்.

இப்போது மோதிர விரலை நன்றாக வெளிச்சத்தில் வைத்து, ஒரு பஞ்சுத் துண்டால் இரண்டு ஓரத்தையும் மெதுவாகத் தடவிப் பாருங்கள். நடுவிரல் பக்கத்து ஓரம் மந்தமாகவும், சுண்டுவிரல் பக்கத்து ஓரம் சாதாரணமாகவும் இருக்கிறதா? ஒரே விரல், நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி? அப்படியானால் இது இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் விரலைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்வதில்லை, நரம்புதான் பிரித்துக்கொள்ளும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி இவ்வளவும் கையின் நடு நரம்புக்குச் சொந்தம். மோதிர விரலின் மறுபாதியும் சுண்டுவிரலும் இன்னொரு நரம்புக்கு.

அடுத்தது உள்ளங்கை. பெருவிரலுக்குக் கீழே திரண்டிருக்கும் மேட்டின் தோலைத் தடவுங்கள். விரல் விறைத்தும் அந்தத் தோல் சாதாரணமாக இருந்தால், இடம் ஏறக்குறைய மணிக்கட்டு என்றே சொல்லலாம். அந்தத் தோலுக்கான கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்து வெளியால் போய்விடுகிறது.

மணிக்கட்டில் சின்னச் சின்ன எலும்புகள் எட்டு, கீழே ஒரு வளைவாக இருக்கின்றன. மேலே ஒரு தடித்த இழைநார் மூடுகிறது. அந்த இடுக்குக்குள்ளால் விரல்களை மடக்கும் தசைநாண்கள் ஒன்பதும், அவற்றோடு அந்த நரம்பும் போகவேண்டும். நாள் முழுக்க மணிக்கட்டை மடித்து, சாமணத்தை இறுக்கிப் பிடித்து வேலை செய்தால் உள்ளே வீங்கும். தசைநாண் நெருக்குதலைத் தாங்கும், நரம்பு தாங்காது. இரவில் கையை மடித்துக்கொண்டு நித்திரை கொள்ளும்போது இடுக்கு இன்னும் குறுகும். அதனால்தான் இரண்டு மணிக்கு எழுப்புகிறது. கையை உதறுவது நீங்கள் கண்டுபிடித்த வைத்தியம் இல்லை, இந்தக் கோளாறு உள்ள பலரும் சொல்லிக்கொடுக்காமலே செய்வார்கள். நான் கிளினிக்கில் "இரவில் என்ன செய்வீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பேன். கை தானாக உதறும்.

எண்ணெய் தேய்ப்பதை விடுங்கள். மருந்துக் கடையில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டி கிடைக்கும், உள்ளே தகடு வைத்தது. அதை இரவில் கட்டிக்கொண்டு படுங்கள். டொக்டரிடம் போய்ச் சீனி வருத்தத்துக்கும் தைரொயிட்டுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள், இரண்டுமே இந்த நெருக்கத்துக்கு வழி விடும். கல் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெருவிரல் மேடு மற்றக் கையோடு பார்க்கத் தட்டையாகிவிட்டால், தசை வாடத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு முன் நரம்பின் ஓட்டத்தை அளந்து பார்த்து, ஊசியா அல்லது அந்த இழைநாரை வெட்டிவிடும் சின்னச் சத்திரசிகிச்சையா என்று தீர்மானிப்பார்கள்.

இதே தெருவில் இன்னொருவருக்குச் சுண்டுவிரல் பக்கம் விறைக்கலாம். அது மணிக்கட்டில் தேட வேண்டியதில்லை, முதலில் முழங்கையைப் பாருங்கள். பட்டறை விளிம்பில் முழங்கையை ஊன்றியே வேலை செய்வதால் வரும். இரண்டு பாதங்களும் விரல் நுனியிலிருந்து ஒரே அளவில் விறைத்து மேலே ஏறினால் அது நெருக்கம் இல்லை, பெரும்பாலும் சீனி வருத்தம். இடுப்பிலிருந்து கால் விரல் வரை போகும் ஒரு நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீற்றர் நீளம், அவ்வளவும் ஒரே ஒரு கலத்தின் வால். நீளமானதுதான் முதலில் நோகும், அதனால்தான் கையை விட்டுவிட்டுப் பாதத்தில் தொடங்குகிறது.

கேள்வி: தோசைக்கல்லில் கை பட்டால், சுடுகிறது என்று தெரியும் முன்பே கை பின்னால் வந்துவிடுகிறது. யார் சொல்லி?
மட்டக்குளியிலிருந்து ஒரு இல்லத்தரசி

பதில்: முண்ணாண் சொல்லி. விரலிலிருந்து சேதி முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாணுக்கு வந்ததும், அங்கிருந்தே தசைக்கு உத்தரவு திரும்பிவிடுகிறது. மூளைக்குத் தகவல் பிறகுதான் போகும். தெறிவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். கட்டில் காலில் சுண்டுவிரல் இடித்தால், இடிபட்டது உடனே தெரியும், "ஐயோ, இப்ப வரப்போகுது" என்று நினைக்க ஒரு கணம் கிடைக்கும், அதற்குப் பிறகுதான் அந்த எரிச்சல் வரும். மயலின் என்ற கொழுப்பு உறை போட்ட தடித்த நரம்பிழைகளில் சேதி செக்கனுக்குப் பல பத்து மீற்றர் ஓடும். உறையில்லாத மெல்லிய இழையில் ஒன்றிரண்டு மீற்றர்தான். எரிச்சல் அந்த மெல்லிய வழியால் வருவது. கால் விரலிலிருந்து வர ஒரு செக்கனுக்குக் கிட்ட எடுக்கும். நரம்பின் வேகத்தை அளக்கவே முடியாது என்று பெரிய பெரிய ஆட்களே நினைத்திருந்தார்கள். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1850இல் தவளைக் காலில் அளந்துவிட்டார், செக்கனுக்கு 30 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. காலி வீதியில் ஓடும் தனியார் பஸ் சில வேளை இதற்குப் போட்டிக்கு வரும்.

கேள்வி: நேற்றுக் காலையில் எழும்பிப் பார்த்தபோது என் மனைவியின் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கிறது, ஒரு கண் மூடுப்படவில்லை. முதல் நாள் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து வந்தவ, காற்றுப் பட்டிருக்கும் என்று அம்மா பத்துப் போடுகிறா. பாரிசவாதமா?
இ. வ., தெஹிவளை

பதில்: கடிதம் என் கைக்கு வரும்வரை காத்திருந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நெற்றியைப் பாருங்கள். "புருவத்தை உயர்த்துங்கோ" என்று சொல்லுங்கள். வாய் இழுத்திருந்தும் நெற்றியில் இரண்டு பக்கமும் சுருக்கம் சரிசமமாக விழுந்தால், அது மூளைக்குள் நடந்ததாக இருக்கப் பயப்பட வேண்டும். பாதிப்பட்ட பக்கத்து நெற்றி வழுவழுவென்று அசையாமல் இருந்து, கண்ணும் மூட முடியாவிட்டால், பெரும்பாலும் முக நரம்பிலேயே கோளாறு. கேட்டால் தலைகீழாகத் தோன்றும், முகம் கூடுதலாக விழுந்திருப்பதுதான் ஆபத்துக் குறைந்தது! முகத்தின் மேற்பகுதிக்கு மூளையின் இரண்டு பாதியிலிருந்தும் உத்தரவு வருகிறது, ஒன்று போனாலும் மற்றது தாங்கும். கீழ்ப்பகுதிக்கு எதிர்ப்பக்க மூளைதான். ஆனால் காதுக்குப் பின்னால் எலும்புக்குள்ளால் வெளியே வரும் அந்த ஏழாவது மூளை நரம்பே வீங்கி அடைபட்டால், அந்தப் பக்கம் மேலும் கீழும் சேர்ந்தே விழும். இதற்குப் பெல் வாதம் என்று பெயர், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்த சார்ள்ஸ் பெல்லின் பெயரால்.

யன்னல் காற்றைத் திட்டுவதில் பயனில்லை. பத்துப் போடுவதிலும் பயனில்லை, நேரம்தான் போகும். இதற்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட் மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடக் கூடாது. பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து, இரவில் இமையைக் கீழே இழுத்து ஒட்டுப் பட்டி. பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளில் அசையத் தொடங்கி மாதங்களில் சரியாகும்.

ஆனால் நெற்றியைப் பார்த்து நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். முகத்தோடு கையும் விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, நெற்றி எப்படி இருந்தாலும் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடியுங்கள். அந்த அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள். அதற்குள் ஸ்கான் எடுத்து, உள்ளே இரத்தம் கசியவில்லை என்றும் பார்த்தாக வேண்டும். அங்கே உங்களிடம் முதலில் கேட்கப்போவது "கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாய் இருந்தவ?" என்றுதான். அந்த மணியை ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பதற்றத்தில் மறந்துபோகும்.

கேள்வி: அம்மம்மாவுக்கு 81. காலையில் சாப்பிட்டதை மறந்துவிட்டு "எனக்கு ஒருத்தரும் சாப்பாடு தரேல்லை" என்று வந்தவர்களிடம் சொல்கிறா, எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் பருத்தித்துறையில் பள்ளிக்கூடம் போன கதை ஒரு சொல் விடாமல் வருகிறது. உரலைக் கையில் கொடுத்தால் இடியப்பம் அழகாகப் பிழிகிறா. மறதி என்றால் எல்லாம் அல்லவா மறக்க வேண்டும்?
ர. நி., பம்பலப்பிட்டி

பதில்: ஞாபகம் மூளையில் ஒரே இடத்தில் இருந்தால் அப்படித்தான் ஆகும். அது பல இடத்தில் இருக்கிறது.

1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற 27 வயது இளைஞருக்கு, வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் இரண்டு பக்கத்திலும் உட்புறமாக உள்ள ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பெரும் பங்கும் அதில் போனது. வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை புதிதாக எதுவும் அவர் மனதில் நிலைக்கவில்லை. வருடக்கணக்காகத் தன்னைப் பரிசோதித்த உளவியலாளர் பிரெண்டா மில்னரைக்கூட ஒவ்வொரு முறையும் புதியவர் என்றே நினைத்தார். சின்ன வயதுக் கதைகள் இருந்தன. மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் கோட்டுக்குள் பென்சிலால் வரைய வேண்டும். செய்து பாருங்கள், எரிச்சல் வரும். மொலைசன் மூன்று நாளில் நன்றாகப் பழகிவிட்டார், ஆனால் மூன்றாம் நாளும் "இதை நான் முன்னம் செய்ததே இல்லை" என்றே நினைத்தார். மனம் மறந்ததைக் கை வைத்திருந்தது.

அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் தொடுவது அந்த ஹிப்போகாம்பஸையும் சுற்றுப்புறத்தையும்தான். அதனால் காலைச் சாப்பாடு பதியவே இல்லை. பதியாததை எப்படி நினைவுபடுத்துவது? "இப்பதானே அம்மம்மா சாப்பிட்டனீங்கள்" என்று நீங்கள் பத்துத் தடவை சொன்னாலும் பத்தும் பதியாது, நீங்கள் கோபமாக இருந்தது மட்டும் அவவின் மனதில் தங்கும். "பசிக்குதோ, ஒரு பிளேன்டீ குடிப்பமா?" என்று பேச்சைத் திருப்பிவிடுங்கள். வந்தவர்களிடம் வெட்கப்பட ஒன்றுமில்லை, அவர்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

இடியப்பம் பிழியும் கை வேறு இடத்தில் இருக்கிறது, மூளியிலும் மூளையின் அடி ஆழத்தில் உள்ள சில நரம்புக்கலத் திரள்களிலும். அவை வெகு நாள் தாக்குப்பிடிக்கும். அதனால் அந்த வேலையைக் கொடுங்கள், பிழிந்து முடித்ததும் அவவின் முகத்தைப் பாருங்கள். அடுப்பை மட்டும் நீங்கள் பற்றவையுங்கள். கை மறக்காது, ஆனால் காஸை நிறுத்தினோமா என்பது அன்றைய ஞாபகம்.

ஒரு விஷயம். வயது போனால் மறதிதானே என்று வீட்டில் வைத்துக்கொள்ளாமல் ஒருமுறை காட்டுங்கள். தைரொயிட் குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு, காது கேளாமை, சில நித்திரைக் குளிசைகள் இவையும் இதே கோலத்தில் வரும், இவற்றுக்கு மருந்து இருக்கிறது. காது கேட்காத ஒருவரை மறதிக்காரி என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: சலூனில் முடி வெட்டி முடிந்ததும் தலையைப் பிடித்து இரண்டு பக்கமும் "டக்" என்று திருப்புவார்கள். நல்ல சுகமாக இருக்கும். நரம்புக்கு நல்லது என்கிறார்களே?
ஜெ., ஆட்டுப்பட்டித்தெரு

பதில்: நல்லதில்லை. கழுத்தில் மேலே உள்ள ஆறு முள்ளந்தண்டெலும்புகளுக்கும் இரு பக்கமும் சின்ன ஓட்டை இருக்கிறது. அவற்றுக்குள்ளால்தான் மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடிகள் இரண்டும் ஏறுகின்றன. தலையைச் சடாரென்று திருப்பினால் மேல் வளைவில் அந்த நாடி இழுபட்டு உட்சுவர் கிழியலாம். அந்த இடத்தில் இரத்தம் உறைந்து மேலே போனால் பாரிசவாதம், அதுவும் இளம் வயதில். எல்லோருக்கும் நடப்பதில்லை, அரிதுதான். ஆனால் ஒரு "டக்" சத்தத்துக்காக அந்த அரிதை ஏன் விலைக்கு வாங்குகிறீர்கள்? கழுத்தைத் திருப்பிய பிறகு பிடரியில் புதிதாக வலி, தலைச்சுற்று, நடை தள்ளாட்டம் வந்தால் சலூன்காரரிடம் திரும்பிப் போய்ச் சரிபண்ணச் சொல்லாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் வைத்துத் தலையை மசாஜ் பண்ணட்டும், தோளை அமத்திவிடட்டும். கழுத்தைப் பிடிக்க வந்தால் "காணும் அண்ணை" என்று காசைக் கொடுத்துவிட்டு எழும்பிவிடுங்கள்.